விருப்பப்பட்டால் மட்டும்

புது மெஷின் வந்த அன்று அச்சகத்தில் எல்லோரும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்க ஒன்றுமில்லை. கறுப்பாக ஒரு பெட்டி, முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு. பழைய மெஷின் இடுப்பளவு உயரம். ஓட ஆரம்பித்தால் பக்கத்து அறையில் பேச்சு கேட்காது. இது இருக்கிற இடமே தெரியவில்லை. "இவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அதன் முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டியவள் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவளை அங்கே சிஸ்டம் அக்கா என்று கூப்பிடுவார்கள். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒயர் மாட்டிய எது நின்றுபோனாலும் அவளைத்தான் தேடி வருவார்கள்; ஒருமுறை தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலுக்குக்கூட வந்தார்கள். அவளும் போய்ப் பார்த்தாள். சண்டை போடுவதைவிடப் பார்த்துக் கொடுத்துவிடுவது சுலபம் என்ற இடத்துக்கு அவள் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன.

அது பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் போடும் அச்சகம். மை கிடையாது. தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்துவார்கள், விரலால் தடவிப் படிப்பார்கள். பாடப்புத்தகம், பரீட்சை வினாத்தாள், சட்டப் புத்தகம், எப்போதாவது ஒரு நாவல். சாதாரண எழுத்தைப் புள்ளி எழுத்தாக மாற்றித் தருவது ஒரு புரோகிராம். அதை எழுதியவர் அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். உலகத்தில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சின்னக் கம்ப்யூட்டர் மொழிமேல் அவருக்குப் பைத்தியம். எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது ஏதோ ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடுகிறார் என்று கேள்வி. கம்ப்யூட்டர் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே போனை வைத்துவிடுவாராம்.

அந்த மொழியில் எழுதியதை மெஷின் நேராகப் புரிந்துகொள்ளாது. இன்டர்பிரட்டர் என்று ஒன்று நடுவில் இருந்து, வரிவரியாகப் படித்துச் செய்ய வைக்க வேண்டும். பழைய மெஷினில் இருந்த இன்டர்பிரட்டர் புதியதில் ஓடாது. உள்ளே இருக்கும் சில்லே வேறு. புது மெஷினை இயக்கும் யூனிக்ஸுக்கென்று அதைச் சோர்ஸிலிருந்து, அதாவது அதை எழுதிய மூல வரிகளிலிருந்து, மறுபடி கட்டி எடுக்க வேண்டும். பழைய மெஷினின் டிஸ்க்கோ கரகரவென்று இழுக்க ஆரம்பித்திருந்தது. பரீட்சை வினாத்தாள்கள் வரப்போகிற நேரம். அதற்குள் முடியுமா என்று நிர்வாகி கேட்டார். முடியும் என்றாள். முடியாது என்று சொன்னால் ஏன் என்று விளக்க வேண்டியிருக்கும்.

பக்கத்து அறையில் அவளுடைய நாத்தனார் இருந்தாள். கணவனின் தங்கை, பிறவியிலேயே பார்வை இல்லை. அச்சகத்துக்கு முதலில் வந்தவள் அவள்தான். குத்திய தாளை விரலால் படித்துப் பிழை பிடிப்பாள், பிடித்த பிழையைத் தானே கம்ப்யூட்டரில் திருத்தியும் விடுவாள். இங்கே ஓர் இடம் காலி என்று அண்ணியிடம் வந்து சொன்னதும் அவள்தான். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே ஆபீஸ். காலையில் குளியலறைக்கு யார் முதலில் என்பதில் ஆரம்பித்து, சாயங்காலம் ஜன்னலோர சீட் யாருக்கு என்பது வரைக்கும் தொடரும். பார்த்த முகத்தையே பார்த்துச் சலித்துவிட்டது என்று ஒருநாள் அவள் வாய்விட்டுச் சொன்னபோது நாத்தனார் திருத்தினாள்: "நான் எங்க அண்ணி உங்க முகத்தப் பாத்தேன்? எனக்குக் குரல்தான் சலிச்சுப்போச்சு."

அப்படியொன்றும் பகை இல்லை. ஆனால் பிரியம் என்று எடுத்துச் சொல்லும்படியும் எதுவும் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் நெடுங்காலம் வேலைக்குப் போய் வந்தால் மிஞ்சுகிற ஒரு மரத்துப்போன பழக்கம், அவ்வளவுதான்.

சோர்ஸோடு வந்த குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது, இந்த மொழிக்கு இன்னின்ன கூடுதல் வசதிகள் உண்டு, விருப்பப்பட்டால் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று. டேட்டாபேஸோடு பேசுவது, ஒலி எழுப்புவது, ஜன்னல் திறந்து படம் காட்டுவது, மிகப் பெரிய எண்களைக் கணக்கிடுவது, டைப் அடிக்கும்போதே வரியைத் திருத்துவது என்று ஒரு பத்துப் பன்னிரண்டு. வேண்டும் என்றால் 'வித்' போட்டு அதன் பெயர். வேண்டாம் என்றால் 'வித்அவுட்'. கட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் மனசு மாறினால் மறுபடி முதலிலிருந்து.

பழைய மெஷினில் எல்லாமே சேர்ந்துதான் இருந்தது. முன்னவர் ஒன்றையும் விட்டுவைக்காத ஆள். அதனால் அவளும் எல்லாவற்றுக்கும் வித் போட்டு ஆரம்பித்தாள். முதல் வசதிக்கு ஒரு லைப்ரரி, யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த துணைப் புரோகிராம், இல்லை என்றது மெஷின். தேடிப்பிடித்துப் போட்டால், அந்த லைப்ரரிக்கு இன்னொரு லைப்ரரி வேண்டும் என்றது. விருந்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் தன் சம்பந்தி இல்லாமல் வரமாட்டேன் என்று நிற்பதுபோல, ஒவ்வொன்றும் தன் பின்னால் ஒரு கூட்டத்தைக் கூட்டி வந்தது. போதாக்குறைக்கு, சோர்ஸைப் படித்துக் கட்டித் தரும் கம்பைலர் புதிது, சோர்ஸ் பழையது. அந்தக் காலத்தில் கண்டும் காணாமல் விட்டதையெல்லாம் இந்தக் கம்பைலர் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்டது. திரையில் எச்சரிக்கைகள் மழை மாதிரி ஓடும், ஓடி முடிந்ததும் அடியில் ஒரு வரியில் பிழை என்று நிற்கும். சரிசெய்து மறுபடி ஓடவிட்டால் பத்து வரி தள்ளி நிற்கும்.

மெஷின் அறை முன்பு தாள் கட்டுகளை அடுக்கிவைத்திருந்த அறை. ஜன்னல் இல்லை. மெஷினுக்காக வைத்த குளிர்சாதனம் மெஷினுக்கு இதமாக இருந்தது. அவளுக்கு முழங்கால் வலித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் புள்ளி குத்தும் மெஷின் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல நாள் முழுக்கத் தடதடக்கும். மத்தியானத்துக்குமேல் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வாள். கண்ணாடியில் ஒரு அழுக்கும் இருக்காது.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம்தான் அது நடந்தது. வீட்டுக்குள் நுழைந்து அவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாத்தனார் தன் போனை நீட்டினாள். ஏதோ அப்டேட் ஆனதிலிருந்து அது பேசுவதை நிறுத்திவிட்டதாம், பேசாத போன் தனக்கு வெறும் கண்ணாடித் துண்டு, கொஞ்சம் பார்த்துத் தரமுடியுமா என்றாள்.

"ஆபீஸ்லயும் மெஷினு, வீட்லயும் மெஷினு" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தெம்பு இல்லை. "உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு வேணும்."

நாத்தனார் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பரவாயில்லை என்றாள். மறுநாள் தெருமுனைக் கடையில் யாரிடமோ கொடுத்துச் சரிசெய்துகொண்டாள் என்பது, போன் மறுபடி பேச ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. தெரிந்தபோது ஒரு கணம் உறுத்தியது. பிறகு சோர்வில் அதுவும் கலந்துபோனது.

அதற்கு அடுத்த நாள் நிர்வாகி அறைக்கு வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் ஓடி, மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவரும் தேய்ந்துதான் போயிருந்தார். தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிடக் கூடாதா என்று கேட்டார். அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். இப்போது யாரோ வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

ஒலி எழுப்பும் வசதி யாருக்கு? வித்அவுட். படம் காட்டுவது? பார்வையற்றவர்கள் அச்சகத்தில் படமா? வித்அவுட். டேட்டாபேஸ், வித்அவுட். பெரிய எண்கள், வித்அவுட். வரி திருத்தும் வசதிக்கு வந்தபோது கை ஒரு நொடி நின்றது. அது டெர்மினலில், அதாவது கீபோர்டும் திரையும் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து டைப் அடிப்பவர்களுக்கானது. புத்தகங்களை மாற்றும் வேலை தானாக ஓடுகிறது, யாரும் டைப் அடிப்பதில்லை. அதுவும் வித்அவுட்.

ஒவ்வொன்றாகக் கழன்று விழ விழ மனசு இலேசானது. எல்லாம் போனபிறகு சோர்ஸ் ஒரு முணுமுணுப்புமில்லாமல் கட்டி முடிந்தது. சோதனைகள் எல்லாம் தேறின. ஒரு சரித்திரப் பாடப்புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தாள். பழைய மெஷின் தந்ததும் புதியது தந்ததும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தன. புள்ளி குத்தும் மெஷினை ஓட்டுபவர், மீசைக்காரர் என்று பெயர், எட்டிப்பார்த்து, வேகமாக வருகிறதே என்றார். நிர்வாகி கைகுலுக்கினார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. நாத்தனார் கேட்கவே இல்லை.

கேட்காததை அவள் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு கொஞ்ச நாளில் நாத்தனார் சாயங்காலம் கூட வருவதை நிறுத்தினாள். வேலை பாக்கி இருக்கிறது, நீங்கள் போங்கள் என்பாள். அடுத்த பஸ்ஸிலோ அதற்கடுத்த பஸ்ஸிலோ வருவாள். சாப்பிடும்போது அதிகம் பேசமாட்டாள், இடது மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பாள். அண்ணன்காரன் என்ன என்று கேட்டான். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். மணிக்கட்டு வலி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். வயசாகிறது இல்லையா என்று தங்கை சிரித்துச் சமாளித்துவிட்டாள். அண்ணியும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு வயசாகக் கூடாதா என்ன?

நிர்வாகிதான் மறுபடி வந்தார். இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வினாத்தாள் வேலை பின்தங்குகிறது. மாற்றுவதும் குத்துவதும் வேகமாகிவிட்டது, ஆனால் திருத்தம்தான் வரமாட்டேன் என்கிறது. முன்பு உங்கள் நாத்தனார் ஒரு நாளில் முடித்ததற்கு இப்போது மூன்று நாள் எடுக்கிறார். குறையாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் ஒரு வயது வருகிறது. அவர் படித்துப் பிழையைச் சொல்லட்டும். பக்கத்தில் ஒரு டைப்பிஸ்டைப் போட்டு, கம்ப்யூட்டரில் திருத்துவதை அவரிடம் விட்டுவிடலாம். வீட்டில் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிட்டால் நல்லது.

சரி சார் என்று சொல்லிவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் இந்த அச்சகத்தில் படிப்பவளாகத்தான் சேர்ந்தாள். திருத்தும் வேலையைச் சண்டை போட்டு வாங்கினாள். நான் சொல்ல வேறொருத்தர் அடிக்க வேண்டும் என்றால் எனக்கு எதற்குப் பத்து விரல் என்று அப்போதிருந்த நிர்வாகியிடம் கேட்டாள் என்பது அச்சகம் முழுக்கத் தெரிந்த கதை. அவளிடம் போய் இதைப் பக்குவமாக எப்படிச் சொல்வது?

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் பக்கத்து அறைக்குப் போனாள். நாத்தனார் சாப்பிடப் போகவில்லை. மேஜையில் ஒரு பக்கம் குத்திய தாள்கள். கீபோர்டுக்கு முன்னால் அந்த நீளப் பட்டை. அதில் சின்னச் சின்ன ஊசிகள் எழும்பி, திரையில் இருக்க வேண்டிய ஒரு வரியை விரலுக்குக் காட்டும். ஒரு நேரத்தில் ஒரு வரிதான். திரை அணைந்தே கிடந்தது, மேலே தூசி. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

"நான்தான்" என்றாள் அவள்.

"தெரியுது அண்ணி. செருப்ப இழுத்துட்டு நடக்குறது நீங்க ஒருத்தர்தான். சாப்பிடலயா?"

அவள் திரையின் பொத்தானை அழுத்தினாள். முன்னவர் நாத்தனாருக்கென்று சில கட்டளைகளை எழுதிக்கொடுத்திருந்தார்; அவை ஓடுவதை அவள் ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை. இன்டர்பிரட்டரைத் திறந்துவைத்து, எத்தனையாவது பக்கம், எந்த வரி, எந்த எழுத்துக்குப் பதில் எது என்று டைப் அடித்தால் அது திருத்திவிடும். கட்டளை நீளமானது. நாத்தனார் அடித்துக்கொண்டே போனாள். நடுவில் ஒரு எண் தப்பாக விழுந்தது. பட்டையைத் தடவித் தப்பைக் கண்டுபிடித்தாள். பழைய பழக்கத்தில் விரல் இடது அம்புக்குறிக்குப் போனது. திரையில் நகர வேண்டிய கோடு நகரவில்லை. அதற்குப் பதில் வரியின் கடைசியில் ஒரு தொப்பிக்குறி, இரண்டு சதுர அடைப்புக்குறி, ஒரு டி என்ற எழுத்து வந்து ஒட்டிக்கொண்டன. பட்டையில் அவையும் புள்ளிகளாக எழும்பின. நாத்தனார் உதட்டைக் கடித்து, வரி முழுவதையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து அடித்தாள். அடுத்த பிழை அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது. முன்பானால் மேல் அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் போன கட்டளை அப்படியே வந்து நிற்கும், வரி எண்ணை மட்டும் மாற்றினால் போதும். இப்போது அதையும் முழுசாக அடித்தாள்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கழற்றிப்போட்டதுதான் அங்கே இல்லாமல் இருந்தது.

"எத்தன நாளா இப்படி வருது?"

"புது மெஷினுக்கு மாத்துனதுலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

நாத்தனார் பட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு வேணும்னு சொன்னீங்கல்ல. சரி, இந்த ஒண்ணாவது வேண்டாம்னு இருந்துட்டுப் போவோம்னு பாத்தேன். புது மெஷின்னா இப்படித்தான் போலன்னும் நெனச்சேன்."

"மெஷின் இல்ல. நான்தான் எடுத்தேன். விருப்பப்பட்டா சேத்துக்கலாம்னு போட்டிருந்துது. யாரும் உபயோகிக்கலன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"யார்கிட்டயும் கேக்கல."

நாத்தனார் குத்திய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு, சாப்பாடு ஆறிப்போகும் என்றாள். இருவரும் போய்ச் சாப்பிட்டார்கள். போனை நீட்டிய அன்று சொன்னதற்கு அவள் வருத்தம் தெரிவித்தாள். தன்னால் முடிந்த மட்டும் நேராகச் சொன்னாள். நாத்தனார் மென்றுகொண்டே தலையாட்டினாள். மன்னித்தாளா என்பது அந்தத் தலையாட்டலில் தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து அவள் வரி திருத்தும் வசதிக்கு முன்னால் இருந்த வித்அவுட்டை வித் ஆக மாற்றினாள். மாற்றுவது ஒரு வார்த்தை. அதற்குப் பிறகுதான் எல்லாம். வரி திருத்துவதற்கான லைப்ரரி புது யூனிக்ஸில் இருந்தது, ஆனால் அது எத்தனையோ பதிப்புகள் தாண்டி வந்துவிட்டது. சோர்ஸ் தேடிய பெயர்களில் ஒன்றை அந்த லைப்ரரி என்றோ கைவிட்டிருந்தது. பழைய பெயருக்குப் பதில் புதுப் பெயர் என்ன என்று தேடி, சோர்ஸில் வரும் இடமெல்லாம் மாற்றினாள். கம்பைல் ஆனது. கடைசியில் எல்லாத் துண்டுகளையும் சேர்த்துத் தைக்கும் இடத்தில் மறுபடி நின்றது. டெர்மினலைப் பற்றிய ஏதோ ஒன்று எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. அது முன்பு ஒரு லைப்ரரிக்குள் இருந்தது, இப்போது பாகப்பிரிவினை ஆகித் தனிக்குடித்தனம் போயிருந்தது. அதன் புது விலாசத்தைக் கண்டுபிடித்து எழுதிக்கொடுக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வேறு யார் என்ன கேட்டு வந்தாலும், பிறகு என்றாள். கெட்டில் நின்றபோதும் அப்படியே சொன்னாள்.

கட்டி முடித்து, பக்கத்து அறையில் திறந்து கொடுத்தாள். நாத்தனார் எதையோ அடித்தாள். இடது அம்புக்குறி. கோடு நகர்ந்தது. மேல் அம்புக்குறி. போன வரி வந்து நின்றது. மறுபடி இடது, இடது, ஒரு எண்ணை மாற்றி, என்டர்.

"ம்" என்றாள் நாத்தனார். அவளுக்கு அது பெரிய வார்த்தை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து மீசைக்காரர் ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே நாத்தனார், சுவரைத் தொட்டுக்கொண்டு வேகமாக. பூகோள வினாத்தாள். முதல் பக்கத்தில், தலைப்புக்கும் முன்னால், எந்த மொழியிலும் சேராத ஏழெட்டுப் புள்ளி எழுத்துகள். சரிபார்க்க வந்த பிரதியில் நாத்தனார் விரல் வைத்ததுமே சொல்லிவிட்டாள், ஆரம்பத்தில் ஏதோ குப்பை இருக்கிறது என்று. ஆனால் ஏற்கெனவே தாமதம் என்பதால் மீசைக்காரர் அவளுக்குக் காத்திராமல் மொத்தப் பிரதிகளையும் குத்தி முடித்திருந்தார். அத்தனையும் வீண்.

அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வரி திருத்தும் வசதி உள்ளே இருந்தால், இன்டர்பிரட்டர் கண்விழித்தவுடன் டெர்மினலுக்கு ஒரு வணக்கம் வைக்கும்; கண்ணுக்குத் தெரியாத சில குறிகளை அனுப்பும். எதிரே டெர்மினல் இருந்தால் அது வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும். எதிரே இருந்தது வினாத்தாள். வணக்கமும் வினாத்தாளிலேயே பதிந்துவிட்டது.

நிர்வாகியின் அறையில் அவள் இதை விளக்கினாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார். வசதியைச் சேர்ப்பதற்கு முன்னால் இந்தத் தொல்லை இல்லை, அல்லவா? அப்படியானால் எடுத்துவிடுங்கள். டைப்பிஸ்டைப் போட்டுக்கொள்ளலாம். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்டு விஷயத்த ஆபீஸுக்குள்ள கொண்டு வரவேண்டாம்னு பாக்கறேன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் வரும் இடத்தில் களைப்புதான் இருந்தது. ஆனால் அந்தக் களைப்பு இந்த முறை தலையாட்டச் சொல்லவில்லை.

"வீட்ல இருக்கறவ என் நாத்தனார் சார்" என்றாள். "அந்த ரூம்ல இருக்கறவங்க உங்க ப்ரூஃப் ரீடர். அவங்க தெனமும் வேல செய்யற கருவிய நான் அவங்கள ஒரு வார்த்த கேக்காம ஒடச்சேன். அதனாலதான் லேட்டாச்சு. வயசாகிப்போனதால இல்ல. இப்ப மறுபடி ஒடைக்கச் சொல்றீங்க. நான் மாட்டேன்."

இந்த அச்சகத்தில் அவள் மாட்டேன் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்படியானால் வினாத்தாளில் குப்பை வருமே என்றார்.

வராது என்றாள். குறுக்கு வழி ஒன்று இருந்தது: வினாத்தாள் ஓடும் நேரத்தில் மட்டும், எதிரே இருப்பது ஒன்றும் தெரியாத டெர்மினல் என்று இன்டர்பிரட்டரிடம் பொய் சொல்லிவைக்கலாம். ஆனால் ஒருநாள் யாராவது அதைச் சொல்ல மறந்தால் மறுபடி குப்பை. அதைவிட இரண்டாகவே கட்டிவிடுவது நல்லது. ஒரே சோர்ஸ், இரண்டு டைரக்டரி. ஒன்று வித், நாத்தனாருக்கு. ஒன்று வித்அவுட், மெஷினுக்கு. ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது. இரண்டையும் யார் பராமரிப்பது என்று நிர்வாகி கேட்டார். அதற்குப் பதில் எதிரே உட்கார்ந்திருந்தது. அவர் பெருமூச்சு விட்டு, பூகோளத் தாள் எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். டைப்பிஸ்டைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை.

இரண்டாவதைக் கட்டுவதில் சிரமம் இல்லை. வழி தெரிந்த தெருவில் நடப்பது மாதிரி. வித்அவுட்டால் ஓடவிட்ட பூகோளத் தாளை நாத்தனார் முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை தடவிப் பார்த்தாள். மீசைக்காரர் இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றார், அவள் தலையாட்டும்வரை மெஷினைத் தொடவில்லை. வித் போட்டுக் கட்டியதற்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று அவள் நாத்தனாரைக் கேட்டாள். தினமும் காலையில் அதைத்தான் முதலில் அடிக்க வேண்டும் என்பதால், நாத்தனார் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எதுவா இருந்தாலும் ரெண்டெழுத்துக்கு மேல வேண்டாம் அண்ணி, மணிக்கட்டு இன்னும் சரியாகல" என்றாள். கூடவே, மேல் அம்புக்குறி நேற்று அடித்ததையும் இன்றைக்குக் கொண்டுவந்து கொடுக்குமா என்று கேட்டாள். பழைய மெஷினில் அது இல்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததாம். முடியும், அதற்கும் ஒரு வசதி உண்டு என்றாள் அவள். நாளைக்குச் செய்து தருகிறேன் என்றாள். இன்றைக்கே என்று சொல்ல அவளிடம் இன்றைக்கு எதுவும் மிச்சமில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். வீட்டில் கணவன் சமைத்துவைத்திருந்தான். ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் நின்று, உள்ளே ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டு, வெளியே எடுத்தபோது அவர் நின்றுகொண்டே தூங்கியிருந்ததை விஸ்தாரமாகச் சொன்னான். தங்கை சிரித்தாள். அண்ணி சுவரில் சாய்ந்து, தட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவன், உங்கள் ஆபீஸில் இந்த மாதமெல்லாம் அப்படி என்னதான் வேலை, இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி வருகிறீர்களே என்று கேட்டான்.

நாத்தனார்தான் முந்திக்கொண்டாள்.

"அண்ணி ஒரே சாமான ரெண்டு தடவ செஞ்சாங்க."

"ஏன், மொத தடவ சரியா வரலியா?"

"ரெண்டு தடவையும் சரியாத்தான் வந்துது."

கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நாத்தனார் விளக்கம் சொல்லாமல் கையை நீட்டி, அண்ணியின் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். போட்டது அப்படியே இருந்தது. சாப்பிடுங்க என்றாள். அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.